துயருற்றார் முன் வினை பேசுதல் முறையாமோ?

திருச்சிற்றம்பலம்

சைவர் இல்லங்களிற் சாவு நேர்ந்துழித் துக்கம் வினவ வருவாருள் ஒருசாரார் வழக்கமாகக் கூறும் மொழி ஒன்றுண்டு. 'எல்லாம் அவரவர் வினை. முன்னைப் பிறப்பிற் செய்தது இன்று வந்து மூண்டது. அழுது பயன் என்னை?' என்பதே அம்மொழி. கூறுவோர் பெரும்பாலும் நீறணிந்த நெற்றியினர். சாத்திரம் சிறிது பயின்றவர். தீய கருத்துடையவரும் அல்லர். ஆயினும் பத்து வயதுப் பிள்ளையை இடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு மூலையிற் கிடக்கும் தாயின் செவிக்கு அம்மொழி எவ்வாறு சென்று சேர்கின்றது? 'நீ செய்த பாவமே நின் பிள்ளையைக் கொன்றது' என்றே சேர்கின்றது. அதன்பின் அத்தாய் திருக்கோயில் வாயிலை மிதியாதொழிவாளாயின், அவளை இறைவன் திருவடியினின்றும் பிரித்தது பிள்ளையின் சாவோ, துக்கம் வினவ வந்தவர் நாவோ என்பது சைவ நன்மக்கள் அனைவரும் ஆராய்தற்குரிய வினாவாம்.

வினையுண்மை சித்தாந்த சைவத்தின் தூண்களுள் ஒன்று. அதனை அசைப்பது ஈண்டு நோக்கமன்று. வினை இல்லையெனின், ஒருவன் செல்வனாயும் மற்றொருவன் வறியனாயும், ஒரு குழவி நலத்தோடும் மற்றொரு குழவி நோயோடும் பிறத்தற்கு இறைவன் விருப்பமே காரணமாய், அவன் நடுவுநிலைமைக்கு இழுக்கு வரும். அவ்விழுக்கு வாராமைப்பொருட்டே வினை கொள்ளப்பட்டது. இதனை நன்கு நோக்குக. வினைக்கொள்கை, இறைவன் கொடியன் அல்லன் என்று நிறுவுதற்கு எழுந்தது. துயருற்றார் கொடியர் என்று நிறுவுதற்கு எழுந்ததன்று. இறைவன்மீது பழி வாராமைக்குக் கட்டிய மதிலின் கல்லைப் பெயர்த்து, அக்கல்லைக் கொண்டே நொந்தாரை எறிதல் எந்நூல் கற்பித்த முறை?

சாத்திரம் கூறும் முறையைச் சிறிது விரித்துக் காண்க. வினை மூவகைத்து. பல பிறவிகளில் ஈட்டப்பட்டுக் கிடக்கும் தொகுதி சஞ்சிதம். அத்தொகுதியினின்றும் இவ்வுடம்பு கொண்டு நுகர்தற்கென அளந்து தரப்பட்டது பிராரத்தம். அதனை நுகருங்கால் விருப்பு வெறுப்புக்களாற் புதிதாக வந்து ஏறுவது ஆகாமியம். வினை சடமாகலின் தானே சென்று தன்னைச் செய்தானைப் பற்றமாட்டாது. ஆன்மா சிற்றறிவினதாகலின் தனக்குரிய வினைப்பயனைத் தானே தெரிந்து எடுத்துக்கொள்ளமாட்டாது. ஆகவே இரண்டனையும் அறிந்து கூட்டுவிப்பான் முற்றறிவினனாகிய இறைவன் ஒருவனே. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் இக்கூட்டுவிப்பை விளக்கப் பெற்றோரையும் மருத்துவனையும் உவமை காட்டினார். சொற்கேளாத மக்களைப் பெற்றோர் அடிப்பதும் அன்பினாலேயாம். மருத்துவன் ஒரு நோயை அறுத்துக் கீறுவதும் ஒரு நோய்க்கு இனிய மருந்து தருவதும் நோய் தீர்த்தற்பொருட்டேயாம்.

இதனாற் பெறப்படுவன மூன்று.

முதலாவது, இன்னாருக்கு இன்ன துன்பம் இன்ன வினையால் வந்தது என்று அறிதற்கு உரியவன் இறைவனையன்றிப் பிறன் இல்லை. எல்லையற்ற பிறவிகளின் கணக்கைச் சிற்றறிவினன் படித்தவனைப்போலப் பேசுதல், இறைவனுக்கே உரிய முற்றறிவைத் தனக்கு உண்டெனக் கொள்ளுதலாம். ஆணவமலம் ஒருவனிடத்து இதனினும் தெளிவாகத் தோன்றுமிடம் வேறு உளதோ?

இரண்டாவது, கோல் எடுத்த பெற்றோரிடத்து அன்பும் உண்டு. கத்தி எடுத்த மருத்துவனிடத்து இரக்கமும் உண்டு. அன்பின்றிக் கோலை மட்டும் காட்டுவோன் அருணந்தி சிவாசாரியர் காட்டிய உவமையில் ஒரு பாதியைத் தொலைத்தவன் ஆவன். இறைவன் தண்டனையும் கருணையே என்பது சித்தாந்தம். கருணையை விடுத்துத் தண்டனையை மட்டும் பேசுவது சித்தாந்தம் அன்று, அதன் நிழலுமன்று.

மூன்றாவது, துயருற்றான் நுகர்வது பிராரத்தமாயின், அவனை நோக்கிக் கடுமொழி கூறுவோன் ஈட்டுவது ஆகாமியமாம். பிறன் பழவினையைக் கணக்கிடுவான் தன் கணக்கிற் புதுவினை ஏறுவதனை அறியானாய் இருக்கின்றான். வினைக்கொள்கையை உள்ளபடி நம்பினோன் முதலில் அஞ்சவேண்டுவது தன் நாவையேயாம்.

'உண்மையை உரைத்தல் குற்றமாமோ? சாத்திரம் சொன்னதனைத்தானே சொன்னோம்' என்று சிலர் கடாவுவர். சொல் உண்மையாயிருந்தாற் போதாது. அது சொல்லப்படும் இடமும் காலமும் கேட்போன் நிலையும் நோக்கப்படல் வேண்டும். சைவத்தில் உபதேசமே பக்குவம் நோக்கித் தரப்படுவது. சரியை நிற்போனுக்குரியது ஒன்று. ஞானம் நாடுவோனுக்குரியது மற்றொன்று. நூல் கேட்க வந்த மாணாக்கனுக்குத் திருமடத்துத் திண்ணையில் வினையியலை விரித்துரைத்தல் ஆசிரியன் கடன். அதனையே பிணம் எடுத்த வீட்டு முற்றத்தில் உரைத்தல், பசித்து வந்தவனுக்குச் சோறிடாது நெல் விளையும் முறையை விளக்குதல் போலும்.

வினைக்கொள்கையைப் பிறர்மேல் ஏவுதலின் கேடு பேரழிவுக் காலங்களில் மேலும் நன்கு விளங்கும். 1934 சனவரி 15-ல் பீகார் நாட்டிற் பெருநிலநடுக்கம் உண்டாகிப் பல்லாயிரவர் மாண்டனர். அப்பொழுது தமிழ்நாட்டிற் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், அவ்வழிவு தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் இட்ட தண்டனை என்று திருநெல்வேலியிற் கூறினார். தீண்டாமையை ஒழிக்கவேண்டும் என்னும் அவர் நோக்கம் மிக உயர்ந்தது. ஆயினும் கவியரசர் இரவீந்திரநாத தாகூர் அக்கூற்றை வெளிப்படையாக மறுத்தார். காந்தியடிகளும் அம்மறுப்பைத் தம் 'அரிசன்' இதழிலே வெளியிட்டு விடையும் இறுத்தார். தாகூர் எடுத்துக்காட்டிய இடர்களுள் ஒன்று இது: அவ்வகை வாதத்தைக் காந்தியடிகளின் எதிர்ப்பக்கத்தாரும் எளிதிற் கையாண்டு, அவ்வழிவுக்கு அவரையே பொறுப்பாக்குதல் கூடும். பிறர் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கும் வாதம் எவர் கையிலும் இசையும் கருவியாம். பெரியார் கையில் இருந்தபொழுதே பொருந்தாத அக்கருவி சிறியார் கையிற் சேர்ந்தால் யாது செய்யாது?

2004-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக்குப் பெருந்துயர் தந்த ஆண்டு. அவ்வாண்டு சூலை 16-ல் கும்பகோணத்தில் ஒரு பள்ளியிற் பற்றிய தீயில் 94 பிள்ளைகள் மாண்டனர். சமையற்கூடத்திற் பற்றிய நெருப்பு, ஓலைக் கூரை வேய்ந்த மேல்மாடி வகுப்பறைக்குத் தாவியது; பிள்ளைகள் வெளியேறுதற்கு வழி போதாதிருந்தது. அவ்விளங்குழவிகளின் சாவை அவர்தம் பழவினை என்று கூறி வாளாவிருந்திருப்பின், கூரையை மாற்றுவார் யார்? வாயிலை அகல்விப்பார் யார்? அத்துயரின் பின்னரே பள்ளிகளில் ஓலைக் கூரை அகற்றப்படவேண்டும் என்னும் ஆணை பிறந்தது. பிராரத்தம் ஆதியான்மிகம், ஆதிபௌதிகம், ஆதிதைவிகம் என மூன்று வாயிலால் வருமென்று சாத்திரம் கூறும். வாயில் இன்னதென்று கூறியதனால் அவ்வாயிலாய் நின்றோனுக்குக் குற்றம் இல்லையென்று கூறியதாகாது. கொலையுண்டானுக்கு வினையிருந்தது என்னும் சொல் கொன்றவனைப் பழியினின்றும் விடுவிக்குமாயின், உலகத்தில் அறமும் இல்லை, அரசும் இல்லை, ஆகாமியம் என்னும் சொல்லுக்குப் பொருளும் இல்லை.

அவ்வாண்டு திசம்பர் 26-ல் ஆழிப்பேரலை எழுந்து தமிழகக் கரையில் ஏறத்தாழ 8,000 பேரை வாரிச் சென்றது. இறந்தாருட் பெரும்பாலோர் நாகப்பட்டினக் கரையினர். கடலை நம்பி வாழ்ந்த பரதவர் குடியிற் பல வீடுகளில் விளக்கேற்ற ஆள் இல்லாதாயிற்று. 'மீன்களைக் கொன்ற வினை அவர்களைக் கொன்றது' என்று கூறுவார் எவரேனும் உளராயின், அவர் பெரிய புராணத்தைத் திறந்து நோக்குவாராக. அதே நாகைக் கரையில், நுளைப்பாடியிற் பிறந்து, வலை வீசி மீன் பிடித்த அதிபத்தர் அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவர். நாடோறும் கிடைத்த மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விட்டவர் அவர். பல நாளாக ஒரே மீன் கிடைத்த காலத்தும் அதனை விட்டுத் தாமும் சுற்றமும் பசியால் வாடியிருந்தவர். அப்பெருமானார் குலத்தாரது துயரைத் தண்டனையென்று பேச நீறணிந்த நாவுக்கு எவ்வாறு துணிவு பிறக்கும்?

இனி, இரண்டாவதொரு கடா உளது. 'துயரில் அழுவதும் இறைவனை நோவதும் பற்றின் விளைவு. இன்பத்தையும் துன்பத்தையும் ஒப்ப நோக்குதலே இருவினையொப்பு. அஃது இல்லாதார் மெய்யடியார் ஆகார்' என்பது அது. இருவினையொப்பு உண்மைதான். ஆயின் அது மலபரிபாகத்தோடும் சத்திநிபாதத்தோடும் சேர்த்து எண்ணப்படும் உயர்நிலை. அந்நிலை ஆன்மாவினிடத்து இறைவன் அருளால் முதிர்ந்து வருவது; அயலான் கட்டளையிட்டு வருவிப்பதன்று. காயைக் கையாற் பிசைந்தாற் கனியாகுமோ? அன்றியும் அவ்வொப்பு ஒருவன் தன் இன்பதுன்பங்களிற் கொள்ளவேண்டுவது. பிறர் துன்பத்தில் ஒப்ப இருத்தலுக்குப் பெயர் இருவினையொப்பு அன்று, கன்னெஞ்சம் என்பதேயாம்.

அழுதலும் நோதலும் பத்திக்கு மாறு என்பார் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாற்றை மறந்தவர் ஆவர். சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைத்து, அச்சூள் பிழைத்துத் திருவொற்றியூர் எல்லையைக் கடந்தபொழுது அவர் இருகண்களும் ஒளி இழந்தன. இங்கே பிழை இன்னதென்பதில் ஐயமில்லை. அவரே அதனை அறிவர். அறிந்திருந்தும் அவர் வாய்மூடி இருந்தாரல்லர். ஊர்தோறும் சென்று தம் பெருமானை வேண்டினார், உரிமையோடு வினவினார், நொந்து பேசினார், திருவாரூரில் நின்று, அடியார் இவ்வாறு வருந்த நீர் நலமே வாழ்ந்திருப்பீராக என்னும் கருத்துப்படவும் பாடினார். இறைவன் சினந்தானோ? திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் தந்தான். காஞ்சியில் இடக்கண் தந்தான். திருவாரூரில் வலக்கண் தந்தான். அந்நோவுப் பாடல்களைச் சைவ உலகம் மறைத்து ஒதுக்கவில்லை; ஏழாந் திருமுறையில் வைத்துக் கைகூப்பி ஓதுகின்றது. இல்லாதவனை நோவார் எவரும் இலர். நோதலும் ஒருவகை நம்பிக்கையே. ஆற்றாது அழும் அன்பரை நாத்திகர் என்பார், ஏழாந் திருமுறையை ஓதும்பொழுது யாது எண்ணி ஓதுகின்றனரோ?

இப்பொருளுக்குத் தலையாய சான்று திலகவதியம்மையார் வரலாறு. திருவாமூரிற் புகழனாருக்கும் மாதினியாருக்கும் மகளாய்த் தோன்றிய அவ்வம்மையாரைக் கலிப்பகையார் என்னும் படைத்தலைவருக்கு மணம் பேசினர். மணம் நிகழுமுன்னே கலிப்பகையார் அரசன் ஏவலாற் போர்மேற் சென்றார். அதற்கிடையே தந்தையார் இறந்தார். அவரோடு தாயாரும் உயிர் நீத்தார். பின்னர்க் கலிப்பகையாரும் போர்க்களத்தில் மாண்டார் என்னும் செய்தி வந்தது. தாமும் இறக்கத் துணிந்த அம்மையாரைத் தம்பி மருணீக்கியார் அடியில் வீழ்ந்து தடுத்தார். தமக்கை இறப்பின் தாம் அதற்குமுன் இறப்பதாகக் கூறினார். தம்பியின்பொருட்டு அம்மையார் உயிர் தாங்கினார்.

ஒரே வீட்டில் ஒரே இழவைக் கண்டவர் இருவர். அவ்விழவிலிருந்து இருவரும் ஒரே வழியிற் சென்றிலர். தம்பியார் உலக நிலையாமையை எண்ணி அறங்கள் செய்து, பின்பு சைவத்தை விட்டுச் சமண் சமயம் புகுந்தார். தமக்கையார் திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, திருவலகிடுதலும் திருமெழுக்கிடுதலும் பூமாலை தொடுத்தலுமாகிய பணிகளைச் செய்துகொண்டிருந்தார். துன்பம் ஒருவரை இறைவனிடத்து நெருக்கவும் ஒருவரை அகற்றவும் கூடும் என்பதனைச் சேக்கிழார் சுவாமிகள் ஒரே குடியில் வைத்துக் காட்டியருளினார். அகன்றவரோ பிற்காலத்துத் திருநாவுக்கரசராய் விளங்கப்போகின்றவர். ஆகவே துயரால் இறைவனை விட்டு அகன்றாரை இழிவாகப் பேசுவோன், தான் எத்தகையோரை இழித்துப் பேசுகின்றான் என்பதனை அறியமாட்டான்.

அகன்ற தம்பியை மீட்டது யாது? வாதமா? வசையா? தமக்கையார் பாடலிபுரத்துக்கு ஆள்விட்டுத் தம்பியைக் கடிந்ததாகப் புராணம் கூறவில்லை. இறைவன் திருமுன்னிலையிலேயே தம்பிக்காக வேண்டிக்கொண்டார். சூலைநோயால் வருந்திய தம்பி ஓரிரவில் தமக்கையார் இருந்த திருமடத்தைத் தேடி வந்து அடியில் வீழ்ந்தபொழுது, பரசமயக் குழியில் வீழ்ந்து வருந்தியதனை அம்மையார் சுட்டினார் என்பது உண்மையே. எதிர்வழக்குரைப்போர் இதனைத் தமக்குச் சான்றாகக் காட்டவும் கூடும். காட்டுமுன் முழுவதும் நோக்குவாராக. அறியாமையால் நேர்ந்தது என்னும் பரிவோடே அம்மையார் அதனைச் சொன்னார். சொன்னவுடன் எழுமாறு பணித்தார். திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு தந்தார். திருப்பள்ளியெழுச்சிக் காலத்தில் திருவலகும் மெழுக்குத் தோண்டியும் கொண்டு தாம் பணிக்குச் செல்லுங்கால் தம்பியையும் உடன் அழைத்துச் சென்றார். பல்லாண்டு அழுது வேண்டிய தமக்கைக்கு ஒரு சொல் சொல்லும் உரிமை உண்டு. அழாதவருக்கும் வேண்டாதவருக்கும் கையில் நீறும் இல்லாதவருக்கும் அவ்வுரிமை எங்ஙனம் வந்தது?

மூன்றாவது கடா, 'வினைப்பயனை நுகர்ந்தே தீரவேண்டும். ஆகலின் உதவுவதனாற் பயனில்லை' என்பது. இது சோம்பலுக்குச் சாத்திரப் போர்வை போர்த்தியதேயன்றி வேறன்று. திருஞானசம்பந்தப் பெருமான் கொங்கு நாட்டிற் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபொழுது பனிக்காலத்துச் சுரநோய் உடன் வந்த அடியாரைப் பற்றியது. அக்காலத்தில் அந்நிலத்துக்கு அஃது இயல்பென்று அடியார்கள் கூறினர். பிள்ளையார் அதனைக் கேட்டு வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டப் பதிகம் அருளி நோயை நீக்கினார். அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே, இத்துன்பம் இன்ன வினையின் பயன் என்று கூறிக்கொண்டே அதனினின்றும் உய்யும் வழியை நாடாதிருத்தல் குறையன்றோ என்னும் கருத்தை வைத்தருளினார். வினை பேசி இருந்துவிடுவோருக்கு முதல் மறுப்பு இக்காலத்தார் தந்ததன்று. முதல் திருமுறை ஆசிரியரே தந்தது.

திருமருகலிலும் அவ்வாறே. மணம் செய்துகொள்ளும் எண்ணத்தோடு வணிகன் ஒருவனுடன் வந்த பெண், அவன் இரவிற் பாம்பு தீண்டி இறந்தமையால் திருக்கோயில் வாயிலை நோக்கி அரற்றினாள். வழிபட வந்த சம்பந்தப் பிள்ளையார் அவ்வழுகையைக் கேட்டார், அணுகினார், நிகழ்ந்ததனை வினவினார். நின் வினை என்று கூறிக் கடந்து சென்றிலர். பதிகம் பாடி வணிகனை எழுப்பி இருவருக்கும் மணமும் செய்வித்தார். வினை நீக்கும் ஆற்றல் அவர்க்கு உண்டு; பிறர்க்கு இல்லை. உண்மையே. ஆயின் நின்று கேட்டலும் அணுகுதலும் வினவுதலும் எவர்க்கும் இயல்வன அல்லவோ?

சைவ சாத்திரத்தில் ஒரு சொல்லும் விட்டுக்கொடாது நின்று பரமத கண்டனம் செய்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். வினைக்கொள்கையில் அவரினும் உறுதியுடையார் யார்? அவர் 1877-ஐ ஒட்டிய பஞ்சக்காலத்தில், பசித்தோர் தம் வினையை நுகரட்டும் என்று இருந்தாரல்லர். கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்ப்பித்தார். பசி வினையால் வந்ததாயின், கஞ்சியும் வினையாலேயே வரும். அதனைக் கொணரும் கை இறைவன் பணியில் நின்ற கை. உதவுவோன் வினையைத் தடுப்பவன் அல்லன். கூட்டுவிக்கும் இறைவனுக்குக் கருவியாய் அமைபவன்.

இவ்வாறு ஒருபுறத்தாரை மறுத்தலோடு மறுபுறத்தாருக்கும் ஒருசொல் உண்டு. இழவு நேர்ந்தவுடன், 'இத்தனை ஆண்டு பூசித்தேன், விரதம் காத்தேன், எனக்கு இதுவோ கைம்மாறு?' என்று வழிபாட்டைக் கைவிடுவார் உளர். அவர் வெகுளத்தக்கவர் அல்லர், இரங்கத்தக்கவர். எனினும் அவர் நினைவு ஓரிடத்திற் பிழைபட்டது. வழிபாடு சாவு வாராமைக்குச் செலுத்தும் வரியன்று. அத்தகைய வாணிகத்தை அவருக்குக் கற்பித்தோர், இன்ன பூசைக்கு இன்ன பயன் என்று விலைபேசித் திரிவோரேயாவர். திருநாவுக்கரசு சுவாமிகளுக்குச் சூலை தீர்ந்த பின்னரே நீற்றறையும் நஞ்சும் யானையும் கற்றூணும் வந்தன. அடியார் ஆனமையால் துன்பம் வாராதொழியவில்லை. வந்த துன்பத்திற் பற்றுக்கோடு ஒன்று இருந்தது.

'நாவுக்கரசரை இறைவன் காத்தான். மருகல் வணிகனை எழுப்பினான். என் மகனை எழுப்பவில்லையே' என்று அழும் தாய் வினவின் விடை யாது? எளிய விடை எதுவும் இல்லையென்பதே நேர்மை. ஆயின் அவள் தனித்தவள் அல்லள் என்பதற்குப் பெரிய புராணமே சான்று. கலிப்பகையார் திரும்பி வரவில்லை. திலகவதியம்மையார் அத்துணைப் பெருந்தவம் செய்தும் இறந்தவர் எழவில்லை. எழவேண்டும் என்று அம்மையார் கேட்டதாகவும் இல்லை. எழுந்த வணிகனைப் பாடிய சேக்கிழார் சுவாமிகள் எழாத படைத்தலைவரையும் மறைக்காது வைத்தார். அறுபத்துமூவர் என்னும் எண்ணிக்கையில் அம்மையார் பெயர் இல்லை. எனினும் அவர் உயிர் தாங்கியிராவிடில் நாவுக்கரசர் இல்லை. அவர் அருளிய திருமுறைகள் மூன்றும் இல்லை. தம் இழவுக்குக் காரணம் தெரியாமலே ஒருவர் விடியற்காலையில் எழுந்து அலகும் தோண்டியும் எடுத்தமையால் விளைந்த பயன் அது. துயரிற் பத்தி நிலைபெறுதல் என்பது எல்லாவற்றுக்கும் விடை கண்டு தெளிதல் அன்று. விடை காணாதபொழுதும் திருப்பணியைக் கைவிடாதிருத்தலாம்.

அந்நிலைக்குத் துயருற்றாரைத் தாங்கிக் கொண்டு செல்லுதல் சூழ்ந்திருக்கும் அடியார் கடமை. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் இறுதியாகிய பன்னிரண்டாஞ் சூத்திரத்தில், மலம் நீங்கியோனும் அன்பரோடு கூடியிருந்து அடியார் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே தொழுக என்று விதித்தார். முத்தி நெறியின் முடிவில் நிற்போனுக்கே அன்பர் கூட்டம் வேண்டுமாயின், கண்ணீரில் நிற்போனுக்கு அது வேண்டாவோ? அடியார் திருவேடம் சிவவேடம் என்பது உண்மையாயின், இழவு வீட்டில் நீறு கலைந்து கிடக்கும் நெற்றியும் சிவவேடமே. அதன் முன் நிற்போன் தொழவந்தவனாய் நிற்றல் வேண்டும். தீர்ப்புக் கூற வந்தவனாய் நிற்றல் தகாது.

ஆகவே சைவ நன்மக்கள் கடைப்பிடிக்கவேண்டுவன இவை. இழவு வீட்டிற்குச் செல்லுக, சென்று அருகிருக்க. வினை என்னும் சொல்லை நாவில் எடாதொழிக. அவர் அழுதால் அழவிடுக. இறைவனை நொந்தால், அந்நோவை இறைவன் தாங்குவான் என்று அறிந்து அமைதியாயிருக்க. அடுப்பு எரியாத வீட்டுக்குச் சோறு கொண்டு செல்லுக. பதினாறு நாள் கழிந்து சுற்றம் கலைந்த பின்னரும் ஒருமுறை சென்று காண்க. துயர் பெரிதாவது அப்பொழுதேயாம். நாள் சில சென்று அவர் மனம் இசையும்பொழுது, வாதம் எதுவும் பேசாது, விடியலில் அவரையும் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் செல்லுக. அவரே ஒருநாள், 'இஃது ஏன் நேர்ந்தது?' என்று வினவின், 'அறியேம். அறிந்தவன் ஒருவன் உளன். அவன் அன்புடையவன்' என்று கூறுக. சித்தாந்தத்தின் வினையியல் முழுவதும் அவ்வொரு விடையில் அடங்கும்.

வினையைப் பற்றி விரிவாக எண்ணவேண்டுவோர் அதனை இரவில், தனியிருந்து, தம் வினையைப் பற்றி எண்ணுவாராக. அவ்வாறு எண்ணியவர் மறுநாள் இழவு வீட்டுக்குச் செல்லும்பொழுது வாய் பேசாது, கை நீளும்.

திருச்சிற்றம்பலம்